எண்பத்தோராவது தட்டான்

காரில் விழுந்த கீறலை மறைப்பது அவன் தொழில். பட்டறையில் அவனுக்கு 'டச்சப்' என்று பெயர். வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள்கூட "டச்சப் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். சாவி இழுத்த கோடோ, கேட் உரசிய வடுவோ, எதுவானாலும் சரி, ஊசிமுனைப் பிரஷ்ஷால் நிறத்தைச் சேர்த்து, காயவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டு, "எங்க இருந்துச்சு, கண்டுபிடிங்க பாப்போம்" என்று வண்டிக்காரரிடமே கேட்பான். அவர் குனிந்து குனிந்து தேடித் தோற்கும்வரை சாவி கைக்கு வராது. அதில் அவனுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஏரிக்கரையில் என்ன வேலை என்றால், அது கல்யாணம் ஆன வகையில் வந்த வேலை. அவன் மனைவி இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுகிறவள், ஏழாவது நாளாவது சும்மா இருக்கலாம் இல்லையா? இருக்க மாட்டாள். பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போய் அங்கேயும் எண்ணுவாள். நாமக்கோழி நாற்பத்திரண்டு, முக்குளிப்பான் பதினொன்று, நீர்க்காகம் ஆறு என்று நோட்டில் ஏறிக்கொண்டே போகும். டச்சப் பிளாஸ்க் டீயோடு கரையில் உட்கார்ந்திருப்பான். முக்குளிப்பான் குஞ்சை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துவது அவனுக்கும் பிடிக்கும். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் மட்டும், "இதுக்கு நெத்தியில வெள்ளை அடிச்சிருக்கு, அதுக்கு சிவப்பு அடிச்சிருக்கு" என்பான். தப்பில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடை முடியப் போகிற நாட்கள். தண்ணீர் இறங்கி ஏரியைச் சுற்றி அகலமாகச் சேறு தெரிந்தது. தெற்கு ஓரத்தில் மட்டும் நாணல் ஆளுயரத்துக்குப் பச்சை மாறாமல் நின்றது. நாணலுக்கு ஒன்றாகச் சிவப்புத் தட்டான்கள். மூன்று கோட் அடித்தாலும் அந்தச் சிவப்பு எந்தக் காரிலும் வராது என்று டச்சப்பே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அந்த நாணலை வெட்டிப் படகுத்துறை கட்டப் போவதாக நகராட்சி போர்டு வைத்த அன்று அவள் கொதித்துப் போனாள். நேரே ஏரிப் பொறியாளரிடம் போய் நின்றாள். சட்டைப் பையில் எந்நேரமும் ஸ்டீல் ஸ்கேல் செருகியிருப்பதால் ஊரில் அவருக்கு 'ஸ்கேல்' என்றே பெயர். கெட்டவர் இல்லை. அளக்க முடியாத எதையும் நம்ப மாட்டார், அவ்வளவுதான்.

"பறவை இருக்கு பறவை இருக்குன்னு சொல்றீங்க மேடம். தெக்குப் பக்கம் வெட்டினா அது வடக்குப் பக்கம் போய் உக்காந்துக்கும். இடத்த விட்டு நகராத உயிர் ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"தட்டான் இருக்கு சார். அந்த நாணல விட்டா அதுக்கு வேற போக்கிடம் கிடையாது. அதத் தின்னுதான் பாதிப் பறவை பொழைக்குது."

"எத்தனை இருக்கு?"

அதை அவள் எண்ணியதில்லை. ஸ்கேல் நாட்காட்டியைப் புரட்டினார். "ஐந்நூறு இருந்தா துறைய எதிர்க்கரைக்கு மாத்திடறேன். வர்ற வெள்ளிக்கிழமை கணக்கு என் மேஜைக்கு வரணும். திங்கக்கிழமை மெஷின் வருது."

பறக்கிற பூச்சியை எப்படி எண்ணுவது? அதற்கு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் வலையோடு அலைந்து எண்பது தட்டான்களைப் பிடித்தாள். ஒவ்வொன்றின் இறக்கையிலும் வெள்ளைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பறக்கவிட்டாள். சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் சட்டைப் பொத்தான்களைக் கொட்டி அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துப் பட்டறை முதலாளி போன் செய்தார். ஏதோ ஒரு நீலக் காரின் கதவைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு டச்சப் திரும்பி வந்தபோது விளக்கம் முடிந்திருந்தது. அவள் தன் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்ன கடைசி வார்த்தை மட்டும்தான் அவன் காதில் விழுந்தது.

"இன்னும் நிறைய வெச்சிருக்கணும். புள்ளி எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு நல்லது. என்னால எண்பதுதான் முடிஞ்சுது."

புரிகிறதா? அந்த வீட்டில் "உங்க உதவியே வேணாம் சாமி" என்பது அடிக்கடி கேட்கிற வாக்கியம். பைனாகுலரின் கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருக்கிறதே என்று அவன் டச்சப் செய்யப் போய், கண்ணாடியிலும் கொஞ்சம் தெளித்து, ஒரு மாதம் அவள் பார்த்த நாரைக்கெல்லாம் முதுகில் கறுப்பு மச்சம் இருந்தது. அப்படிப்பட்டவனுக்கு இது வாழ்நாள் வாய்ப்பு. புள்ளி வைக்க வேண்டும்! உலகத்தில் அவனைவிடப் புள்ளி வைக்கத் தகுதியான ஆள் யார்?

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் எழுவதற்குள் ஏரிக்குப் போனான். விடியற்காலைக் குளிரில் தட்டான்கள் இறக்கையில் பனியோடு விறைத்துப்போய் நாணலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வலையே தேவையில்லை, பூப்பறிக்கிற மாதிரி கையாலேயே எடுக்கலாம். அவளுடைய பேனாவின் வெள்ளையில் துளி சாம்பல் கலந்திருந்ததைக் கவனித்து, பட்டறையில் அதே வெள்ளையைக் கலந்து எடுத்துப் போயிருந்தான். அதே அளவு, அதே இடம். வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். எது அவளுடையது, எது தன்னுடையது என்று அவனுக்கே தெரியவில்லை. பெருமை தாங்கவில்லை. இடுப்புவரை சேறான பேன்ட்டைத் தானே துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல வேலைக்குப் போனான்.

வியாழக்கிழமை அவள் லீவு போட்டாள். மறுபடி பிடித்துப் பார்க்கிற நாள். அவள் பிடித்து, பார்த்து, சொல்வாள். அவன் எழுதிக்கொள்ள வேண்டும்.

"புள்ளி இல்ல."

எழுதினான்.

"புள்ளி."

டச்சப்புக்கு உள்ளுக்குள் ஜிலீர் என்றது.

"புள்ளி. புள்ளி. இல்ல. புள்ளி."

அவள் குரல் இறங்கிக்கொண்டே போனதை அவன் கவனித்தானா என்றால், இல்லை. வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்து கோடு கிழித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் ஒரு படி இறங்க, அவன் ஒரு படி ஏறினான். நூறு முடிந்தபோது சரியாக ஐம்பதில் புள்ளி இருந்தது. எப்படி ஆச்சரியத்தைப் போட்டு உடைக்கலாம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பினான். அவள் வலையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா? என்னாச்சு?"

"முடிஞ்சுதுங்க. மொத்தமே நூத்தறுபதுதான் இருக்கு."

"எப்படி? அதான் எங்க பார்த்தாலும் புள்ளியா இருக்கே. புள்ளி நிறைய இருந்தா நல்லதுதான?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் வெச்சது எண்பது. இன்னிக்குப் பிடிச்சதுல பத்துல ஒண்ணுக்குப் புள்ளி இருந்தா, மொத்தக் கூட்டத்துலயும் பத்துல ஒரு பங்குதான் என்னோடதுன்னு அர்த்தம். அப்ப எண்ணூறு இருக்கும். ரெண்டுல ஒண்ணுக்குப் புள்ளி இருந்தா, கூட்டமே நூத்தறுபதுதான். நிறைய இருக்கற மாதிரி நமக்குத்தான் தோணியிருக்கு. இருக்கறதே இவ்வளவுதான்."

ஒவ்வொரு புள்ளிக்கும் அவன் ஏறிய படியெல்லாம் சரிந்து ஒரேயடியாகக் கீழே வந்து விழுந்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். "டீ குடிக்கிறியா?" என்றுதான் வந்தது.

வீட்டில் அவள் கணக்கை நல்ல தாளில் எழுத உட்கார்ந்தாள். அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "அறுநூறுன்னு எழுதிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டுப் பார்த்தான்.

"ஒருத்தருக்கு ரத்தத்துல அணு கம்மியா இருக்கு. பாவம், நல்ல மனுஷன்னு கூட்டி எழுதிக் குடுப்பேனா? இருக்கறதத்தான் எழுதணும்."

அதற்குமேல் அவனுக்குத் தைரியம் வரவில்லை. சாப்பிடும்போது சொல்லலாம் என்று நினைத்தான், தட்டைக் கழுவும்போது சொல்லலாம் என்று நினைத்தான். வெயிலில் அவள் அலைந்த அலைச்சலில் மண்ணை அள்ளிப் போட்டது தன் கைதான் என்று எந்த வாயால் சொல்வது? வெள்ளிக்கிழமை காலை அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போகிற வழியெல்லாம் மூன்று தரம் தொண்டையைச் செருமினான். ஜலதோஷமா என்று அவள் கேட்டாள்.

ஸ்கேல் தாளை வாங்கிப் படித்தார். நூற்று அறுபது. முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. "நேர்மையா எழுதியிருக்கீங்க மேடம். சந்தோஷம்" என்று பேனாவைத் திறந்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா தாளைத் தொடப் போகிற நேரத்தில் டச்சப்பின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"சார், அந்தப் புள்ளியெல்லாம் இவ வெச்சதில்ல. நானும் வெச்சேன்."

ஸ்கேல் பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மூணு நாள் காலையில போய் வெச்சேன். புள்ளி அதிகமா இருந்தா நல்லதுன்னு இவ சொன்னா. உதவி பண்ணலாம்னுதான்..."

"எத்தனை வெச்சீங்க?" இது ஸ்கேல்.

"இருநூறுக்கு மேல இருக்கும். எண்ணல."

"எண்ணலையா?" இது அவள். புள்ளி வைத்ததைவிட அதுதான் பெரிய குற்றம் என்பதுபோல அவனைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "இல்ல சார். எனக்காகப் பொய் சொல்றாரு. நூறையும் நான் கையில பிடிச்சுப் பார்த்தேன். அதுல இருந்த அம்பதும் என் புள்ளி. என் புள்ளி எனக்குத் தெரியாதா?"

தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்குக் கிடைத்ததில்லை. இதைவிட மோசமான நேரத்திலும் கிடைத்ததில்லை.

"உன் பேனாவுல துளி சாம்பல் கலந்திருக்கும்மா. அதே மாதிரி கலந்து எடுத்துட்டுப் போனேன். சேத்துல இறங்கித்தான் வெச்சேன்."

அவள் அவன் பேன்ட்டைப் பார்த்தாள். "அதான் மூணு நாளா பேன்ட்ட நீங்களே துவைச்சீங்களா? நான் வேற, மனுஷன் திருந்திட்டாருன்னு என் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன்!"

ஸ்கேல் பேனாவை மூடினார். "கதை நல்லா இருக்கு. ஆனா கணக்கு பிடிக்கலைன்னா யார் வேணா வந்து நானும் புள்ளி வெச்சேன்னு சொல்லலாம். நிரூபிங்க."

எப்படி நிரூபிப்பது? அவன் புள்ளியை அவள் புள்ளியிலிருந்து பிரித்துச் சொல்ல அவனாலேயே முடியாது. பிறர் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகவே பிறந்த கை. வழி கண்டுபிடித்தது அவள்தான். கோபத்திலும் அவளுக்குக் கணக்கு ஓடும்.

"சார், நான் வெச்சது எண்பது. அதுக்கு மேல ஒரு புள்ளிகூட என்னோடது கிடையாது. புள்ளி வெச்ச தட்டானா பிடிப்போம். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மஞ்சள் புள்ளி வெச்சு விடுவோம். ஒண்ணையே ரெண்டு தடவ எண்ணாம இருக்க. எண்பத்தொண்ணு கிடைச்சா இவர் சொல்றது நிஜம்."

"மஞ்சள் புள்ளிய யார் வைப்பாங்க?"

"நீங்கதான் சார். எங்க ரெண்டு பேரையும் நம்ப முடியாதே."

அளக்கிற வேலை என்றால் ஸ்கேலுக்கு மறுக்கத் தெரியாது. பதினொரு மணிக்கு மூன்று பேரும் தெற்குக் கரையில் இருந்தார்கள். மாலை ஐந்துவரை நேரம் கொடுத்தார்.

முதல் தட்டானின் இறக்கையை ஸ்கேலால் அளந்து நட்டநடுவில் மஞ்சள் புள்ளி வைக்க அவருக்கு மூன்று நிமிடம் ஆனது. அது அவர் விரலைக் கடித்தது. "கடிக்குது மேடம்!" என்று அலறினார். "நீங்க அளந்தா அதுவும் அளக்கும் சார், சீக்கிரம் வைங்க" என்றாள் அவள். பத்தாவதில் ஸ்கேலைச் சட்டைப் பையில் போட்டார். இருபதாவதில் காலணியைக் கழற்றினார். தகைவிலான் குருவிகள் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்துகொண்டிருந்தன. டச்சப் ஒரு வலை, அவள் ஒரு வலை. அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்ததைக் கொண்டுபோய்ப் பொறியாளரிடம் நீட்டுவாள், எண்ணைச் சொல்வாள், திரும்புவாள். ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு.

மூன்று மணிக்கு எழுபத்தாறு. மேகம் வந்து வெயிலை மறைத்தது. வெயில் போனால் தட்டானும் போய்விடும். எல்லாம் நாணலின் அடியில் இறங்கி ஒளிந்துகொண்டன. ஒன்றுக்காக அரை மணி நேரம் காத்திருக்க வேண்டி வந்தது. எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. நாலே முக்காலுக்கு எண்பது. அவள் வலையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இதுவரைக்கும் என்னோடது" என்றாள். அன்று காலைக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னங்க, பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்ல. எனக்காகத்தான சொன்னீங்க. இப்பவே சொல்லிடுங்க, அவர நிக்க வைக்க வேணாம்" என்றாள்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "பொய் இல்லம்மா. முட்டாள்தனம். நிஜமாவே முட்டாள்தனம்."

அப்போது நாணல் நுனியில் ஒன்று வந்து உட்கார்ந்தது. இறக்கையில் வெள்ளைப் புள்ளி. மஞ்சள் இல்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வலையை மெல்ல மெல்ல உயர்த்தினாள். பச்சையாக ஏதோ விர்ரென்று குறுக்கே பாய்ந்தது. நாணல் ஆடியது. எதிரே மின்கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் பறவை அந்தத் தட்டானைக் கம்பியில் அடித்து அடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"சாட்சியத் தின்னுட்டுதே!" என்று டச்சப் தலையில் கைவைத்தான். எத்தனையோ வருடமாகப் பறவைகளை உயிராக நினைக்கிற அவன் மனைவி, அந்தப் பறவையைப் பார்த்துத் திட்டிய திட்டு இங்கே எழுதக் கூடியது அல்ல.

"நான் பார்த்தேன், வெள்ளப் புள்ளி இருந்துச்சு" என்றார் ஸ்கேல். பிறகு, வேண்டா வெறுப்பாக, "ஆனா கையில இல்லாதத எப்படிக் கணக்குல சேக்கறது?" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நிமிடம் இருந்தது.

டச்சப் வலையைத் தூக்கிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கினான். நகராட்சி அலுவலகத்துக்காக இஸ்திரி போட்ட பேன்ட். உள்ளே, அவள் கால்வைக்க முடியாத இடத்தில், அவன் மூன்று காலையிலும் நின்ற நாணல் கொத்து இருந்தது. முழங்கால், தொடை, இடுப்பு. மேகத்துக்குப் பயந்து கீழே இறங்கியிருந்த தட்டான்கள் விடியற்காலையில் இருந்ததுபோலவே விறைத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தன. வலையைத் தூர எறிந்துவிட்டுக் கையால் ஒன்றை எடுத்தான். புள்ளி. இன்னொன்று. புள்ளி. ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒன்றாக ஆறு தட்டான்களைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கியபடி, சேறு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான்.

ஸ்கேல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆறிலும் வெள்ளை. ஒன்றில்கூட மஞ்சள் இல்லை. பேனாவை எடுத்து முதலாவதில் மஞ்சள் புள்ளி வைத்தார்.

"எண்பத்தொண்ணு" என்றார்.

அவள் சிரித்தாள், அழுதாள், அவன் சேற்றுச் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். தன் ஒரு வார வேலையைக் கெடுத்தவன் நிஜமாகவே கெடுத்திருக்கிறான் என்று தெரிந்து உலகத்தில் எந்தப் பெண்ணும் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள். ஸ்கேல் மிச்ச ஐந்துக்கும் புள்ளி வைக்கப் போனார். அவள் தடுத்தாள். "போதும் சார். மஞ்சள் எண்பத்தொண்ணுன்னு முழுசா தெரிஞ்சிருக்கு. இதுலேர்ந்தே புதுக் கணக்க ஆரம்பிச்சுக்கலாம்." அவர் அங்கேயே நின்று மெஷின்காரருக்குப் போன் போட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடி நூறு பிடித்தார்கள். அந்த ஒரு வாரமும் டச்சப் ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நூறில் பதின்மூன்றில் மஞ்சள் இருந்தது. கூட்டம் அறுநூற்று இருபத்து மூன்று.

வெள்ளிக்கிழமை ஸ்கேலின் மேஜையில் புதுத் தாள் இருந்தது. அவர் வரிவரியாகப் படித்து, கடைசி வரியில் நின்றார். பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரியைத் தள்ளுபடி செய்தால் ஏன் என்று எழுத வேண்டும் என்பது விதி. அவள் பழக்கத்தில் எழுதியிருந்தாள். ஸ்கேல் அதைச் சத்தமாகவே படித்தார்.

"முதல் எண்ணிக்கை செல்லாது. காரணம்: என் கணவர் எனக்கு உதவி செய்தார்."

டச்சப்புக்குக் காது மடல் சிவந்தது. "அத எடுத்துடேன்மா. ஆபீஸ்ல எல்லாரும் படிப்பாங்க."

"இத அடிச்சிடலாமா மேடம்? கணக்குக்கு இது தேவையில்ல" என்றார் ஸ்கேலும்.

"வேணாம் சார்" என்றாள் அவள். "எனக்காக விடியக்காலையில இடுப்பளவு சேத்துல இறங்கி இருநூறு புள்ளி வெச்ச ஆள் வேற யாரு இருக்கா? எங்கேயாவது ஒரு எடத்துல எழுதி இருக்கட்டும்."

ஸ்கேல் கீழே கையெழுத்துப் போட்டு, படகுத்துறை எதிர்க்கரைக்கு என்று எழுதி, முத்திரை குத்தினார். டச்சப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.